பயோரியாக்டருக்குள் நேரலையில் பார்க்க: ராமன் புரோபும் மெஷின் லேர்னிங்கும், மலையில் வேலை செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. ஊட்டியில் வீரோ செல்லில் (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை) வளர்த்த வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாராகிறது. மருந்தியல் கல்லூரியும் இருக்கிறது. இங்கே படித்துவிட்டு ஹைதராபாத், பெங்களூரு ஆலைகளுக்குப் போகிற பிள்ளைகள் வருடாவருடம் உண்டு. அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி: “ராமன் புரோப் வாங்கியாச்சு, பைத்தானும் தெரியும். அடுத்து என்ன செய்யணும்?”

ராமன் புரோப் என்பது, செல்கள் வளரும் பாத்திரமான பயோரியாக்டருக்குள் லேசர் ஒளியை அனுப்பி, திரும்பும் ஒளியைப் படிக்கும் கருவி. அந்த ஒளியைக் குளுக்கோஸ் போன்றவற்றின் அளவாக மாற்றும் கணிப்பு நிரலைத்தான் மாடல் என்கிறோம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. எந்த நிறுவனத்தின் உள்முறையும் இதில் இல்லை, பொதுவான வேலைமுறை மட்டுமே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, கவிழ்ந்த மாடல்கள் பெரும்பாலும் அல்காரிதத்தால் கவிழவில்லை, சாம்பிள் எடுத்த விதத்தால் கவிழ்ந்தன. அதனால் இங்கே சாம்பிளுக்கு நிறைய இடமும் அல்காரிதத்துக்குக் கொஞ்சம் இடமும் கொடுத்திருக்கிறேன்.

எதற்காக இவ்வளவு பாடு?

வழக்கமான ஆலையில் காலையில் ஒருமுறை, சில இடங்களில் மாலையிலும் ஒருமுறை, ரியாக்டரிலிருந்து சாம்பிள் எடுப்பார்கள். குளுக்கோஸ், லாக்டேட் (செல்கள் வெளியேற்றும் கழிவு), செல் எண்ணிக்கை பார்ப்பார்கள். அதை வைத்து அடுத்த 24 மணி நேரத்துக்கு ஃபீட் (செல்களுக்கான உணவுக் கரைசல்) தீர்மானமாகும். இரவு இரண்டு மணிக்குச் செல்கள் பட்டினி கிடந்தாலும் காலையில்தான் தெரியும். ஒவ்வொரு முறை சாம்பிள் எடுப்பதும் தொற்று நுழைய ஒரு வாய்ப்பு.

ஸ்பெக்ட்ராஸ்கோபி இந்த இடைவெளியை அடைக்கிறது. லேசர் ஒளியைக் கல்ச்சருக்குள் (ரியாக்டரில் செல்கள் வளரும் திரவம்) அனுப்பினால் அதில் ஏறத்தாழ ஒரு கோடி ஃபோட்டானில் ஒன்று நிறம் மாறிச் சிதறித் திரும்பும். திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1928இல் கண்டது இதைத்தான். நிறம் எவ்வளவு மாறியது என்பது எந்த மூலக்கூறு என்று சொல்லும், எவ்வளவு ஒளி என்பது எத்தனை மூலக்கூறு என்று சொல்லும். நிற மாற்றத்தின் அளவான அலை எண் வாரியாக ஒளியை வரைந்தால் கிடைப்பது ஸ்பெக்ட்ரம், அதில் உயர்ந்து நிற்பவை சிகரங்கள். கல்ச்சரில் நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒரே நேரத்தில் பேசுவதால் கண்ணால் பிரிக்க முடியாது. அங்கேதான் மெஷின் லேர்னிங் தேவைப்படுகிறது. அமெரிக்க எஃப்டிஏ 2004இல் ‘பாட்’ எனப்படும் செயல்முறைப் பகுப்பாய்வு வழிகாட்டலை வெளியிட்ட பிறகு, மருந்து ஆலைகள் இதைத் துணிந்து தொட ஆரம்பித்தன.

படி 1: எதை அளக்கப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைப் பின்னால் செய்கிறார்கள்.

ராமன் நன்றாகப் பார்ப்பவை: குளுக்கோஸ், லாக்டேட், ஓரளவு குளூட்டமின், குளூட்டமேட். லிட்டருக்குக் கிராம் அளவில் புரதம் இருந்தால் ஆன்டிபாடியின் அளவையும் பிடிக்கலாம். அமோனியம், செல் எண்ணிக்கை போன்றவற்றுக்கும் மாடல் கட்டுகிறார்கள். ஆனால் அவற்றில் பாதி, வேறு ஏதோ ஒன்றோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் கிடைக்கும் மறைமுகக் கணிப்பு. தெரிந்து செய்தால் தவறில்லை. நேரடி அளவீடு என்று நினைத்துச் செய்தால் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள்.

பார்க்காதவற்றையும் எழுதுங்கள். தடுப்பூசி வேலையில் வைரஸ் ஆன்டிஜன் மிகக் குறைந்த செறிவில்தான் இருக்கும். கல்ச்சர் நடுவே அதை ராமன் நேராகக் காட்டாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒரு டோஸுக்குக் குறைந்தது 2.5 சர்வதேச அலகு வீரியம் காட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சோதனையை எந்தப் புரோபும் நீக்கிவிடாது. நாம் கண்காணிப்பது செல்கள் வளரும் சூழலை. வெளியீட்டுச் சோதனை அதன் இடத்திலேயே இருக்கும்.

படி 2: கருவித் தேர்வு

நியர் இன்ஃப்ராரெட் கருவி உறுதியானது, ஃபைபரும் எளிது. ஆனால் தண்ணீர் 1450, 1940 நானோமீட்டரில் ஒளியை அள்ளி விழுங்கிவிடும். கல்ச்சர் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பொடி, மாத்திரை, ஈரப்பதம் போன்றவற்றுக்கு அது ராஜா. ஃப்ளோரசன்ஸ் டிரிப்டோஃபேன் போன்றவற்றை மிக நுட்பமாகப் பிடிக்கும், குளுக்கோஸைப் பிடிக்காது. உயிருள்ள செல்களின் மொத்தக் கனஅளவுக்குக் கெப்பாசிட்டன்ஸ் புரோப் இன்னும் நேரடியானது. செல் எண்ணிக்கைதான் உங்கள் முதல் தேவை என்றால் ராமனை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். சுத்திகரிப்புப் பகுதியில் 280 நானோமீட்டர் யூவி போதுமான இடத்தில் ராமனைக் கொண்டுபோய் நிறுத்துவது வீண் செலவு.

குளுக்கோஸ், லாக்டேட் இரண்டும் வேண்டும் என்றால் 785 நானோமீட்டர் லேசர் உள்ள ராமன்தான் இன்றைய வழக்கம். 532 எடுத்தால் கல்ச்சரின் சொந்த ஒளிர்வு மேலே ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

வீரோ செல்காரர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வீரோ செல் எதிலாவது ஒட்டித்தான் வளரும். அதற்கு மைக்ரோகேரியர் என்ற நுண்மணிகளைப் போடுவோம். அந்த மணிகளில் பல டெக்ஸ்ட்ரானால் ஆனவை. டெக்ஸ்ட்ரான் என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. அதன் ராமன் சிகரங்கள் குளுக்கோஸின் சிகரங்களுக்கு அருகிலேயே விழும். ஓர் இரவு ஷிப்ட் ஆபரேட்டர் தம்பி எனக்கு ஃபோன் செய்தார்: “அண்ணா, ஃபீட் பம்ப் ஆஃப்லதான் இருக்கு. குளுக்கோஸ் மட்டும் ஏறிக்கிட்டே போகுதுண்ணா.” ஸ்டிரர் வேகத்தை யாரோ குறைத்திருந்தார்கள், மணிகள் படிந்து புரோப் முனைக்கு முன்னால் கூடிவிட்டன. மாடல் டெக்ஸ்ட்ரானைப் பார்த்துக் குளுக்கோஸ் என்று சொன்னது. சிஎச்ஓ செல்லுக்காக (சீன வெள்ளெலியின் சூலகச் செல்) எழுதிய வழிமுறையை அப்படியே எடுத்து வீரோவுக்குப் போடாதீர்கள். ஸ்டிரர் வேகத்தையும் மணியின் அடர்த்தியையும் வேண்டுமென்றே மாற்றிய ஸ்பெக்ட்ரங்கள் பயிற்சித் தரவில் இருக்க வேண்டும்.

படி 3: பொருத்துதல், அதில் மலை சேர்க்கும் சிக்கல்கள்

புரோப் முனை ஸ்டிரர் ஓட்டம் நன்றாக இருக்கும் இடத்தில், காற்றுக் குமிழி நேராக அடிக்காத கோணத்தில் இருக்கட்டும். முனையை மூடும் சபையர் ஜன்னல் சுத்தமாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய புரதப் படலம் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தால் பேட்ச் (ஓர் உற்பத்திச் சுற்று) முழுக்க அதைத்தான் அளப்பீர்கள். 785 லேசர் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், சக்தியோ கண்ணைக் கெடுக்கும் அளவு. அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் புரோபை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டாம்.

கண்ணாடி ரியாக்டர் என்றால் அலுமினியம் ஃபாயிலைச் சுற்றுங்கள். டியூப்லைட் வெளிச்சம் ஸ்பெக்ட்ரத்தில் ஊசி ஊசியாகத் தெரியும். பகலில் ஜன்னல் வெளிச்சம் இன்னும் தொல்லை. இங்கே மூடுபனி விலகி வெயில் அடித்தால் பத்தே நிமிடத்தில் பேஸ்லைன் (ஸ்பெக்ட்ரத்தின் அடிக்கோடு) ஏறிவிடும். நுரை பார்க்க ஃபாயிலைத் திறக்கிறவர்கள் மூடிவிட்டுப் போக வேண்டும் என்று எஸ்ஓபியில் (எழுதப்பட்ட வேலைமுறையில்) ஒரு வரி எழுதுங்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் எழுதாத இடத்தில் யாரும் மூடுவதில்லை.

இனி உயரம். ஊட்டி சுமார் 2240 மீட்டர், குன்னூர் சுமார் 1850 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 78 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தில் 101. இதனால் இரண்டு இடங்களில் அடி விழும்.

முதலாவது கிருமிநீக்கம். புரோபோடு சேர்த்துப் பாத்திரத்தை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்கிறோம். அந்த வெப்பநிலையில் நீராவியின் முழு அழுத்தம் சுமார் 205 கிலோபாஸ்கல். சமவெளியில் கேஜ் முள் 15 பிஎஸ்ஐ காட்டினால் 121 வந்துவிட்டது. ஊட்டியில் அதே 121க்குக் கேஜ் சுமார் 18 பிஎஸ்ஐ காட்ட வேண்டும், ஏனென்றால் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். பழைய கையேட்டை நம்பி 15இல் நிறுத்தினால் கிருமி முழுதாகச் சாகாமல் போகலாம். முள்ளை விட்டுவிட்டு, பாத்திரத்துக்குள் இருக்கும் வெப்பநிலை சென்சாரைப் பாருங்கள்.

இரண்டாவது கரைந்த ஆக்சிஜன். டிஓ புரோபை 100 சதவீதத்துக்குக் காற்று விட்டுத்தான் செட் செய்வோம். 37 டிகிரியில், நீராவியைக் கழித்துக் கணக்குப் போட்டால், ஊட்டியின் 100 சதவீதம் கடல் மட்டத்து 100 சதவீதத்தில் முக்கால் பங்குதான். சமவெளியிலிருந்து வந்த செயல்முறை ‘டிஓ 40 சதவீதம்’ என்று சொன்னால் இங்கே அதே ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 53 வைக்க வேண்டும். இது ராமனோடு எப்படிச் சேர்கிறது? ஆக்சிஜன் குறைந்தால் செல்கள் லாக்டேட்டை அதிகம் கொட்டும். சமவெளியில் பயிற்றுவித்த மாடல் அந்த லாக்டேட் அளவைப் பார்த்தே இருக்காது. மாடல் மோசம் என்று நீங்கள் திட்டிக்கொண்டிருப்பீர்கள், குற்றம் டிஓ செட்டிங்கில் இருக்கும்.

கருவியின் தினசரிச் சோதனைக்கு சைக்ளோஹெக்சேன் வையுங்கள். அதன் பெரிய சிகரம் அலை எண் 801இல் வரும். நகர்ந்திருந்தால் அன்று கல்ச்சர் ஸ்பெக்ட்ரத்தை நம்பாதீர்கள். லேசரை முழுதாகச் சூடேற விடுங்கள். ஏசி இல்லாத அறையில் குளிர்கால விடியலுக்கும் நண்பகலுக்கும் உள்ள வித்தியாசம் கருவிக்கு ஆகாது.

படி 4: சாம்பிள்

இங்கே நேரம் செலவழியுங்கள்.

மாடலுக்கு ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்தோடும் ஓர் உண்மை எண் வேண்டும். அந்த எண் ஆய்வகத்து அனலைசரில் வருகிறது. முதல் வேலை, அனலைசரின் சொந்தப் பிழையைத் தெரிந்துகொள்வது. ஒரே சாம்பிளைப் பலமுறை ஓட்டுங்கள். எண்கள் 0.1 கிராம் சிதறினால், 0.05 துல்லியமுள்ள மாடல் கட்டிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் எங்கோ சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிந்திருக்கிறது.

இரண்டாவது கடிகாரம். ராமன் கம்ப்யூட்டர், ரியாக்டர் கன்ட்ரோலர், சாம்பிள் எடுத்தவரின் கைக்கடிகாரம் என மூன்று நேரம் ஆலையில் ஓடும். ஸ்பெக்ட்ரம் எடுக்கவே பத்து நிமிடம் ஆகும், ஏனென்றால் பலவீனமான ஒளியைத் திரும்பத் திரும்பச் சேர்க்கிறோம். ஃபைலில் பதிவாகும் நேரம் தொடக்கமா முடிவா என்று பாருங்கள், கணக்குக்கு நடுப்புள்ளியை எடுங்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கல்ச்சர் ஒரு நாளைக்கு லிட்டருக்கு 2.4 கிராம் குளுக்கோஸ் தின்கிறது என்று வையுங்கள். சாம்பிளை ஒரு மணி நேரம் மேசையில் வைத்தால் 0.1 கிராம் போய்விடும். அது சிறு பிழை. ஆனால் ஃபீட் போட்டுக் குளுக்கோஸ் பத்து நிமிடத்தில் 2 கிராம் ஏறும் நேரத்தில் கடிகாரம் பத்து நிமிடம் தவறியிருந்தால் பிழை 2 கிராம். அப்படி இரண்டு புள்ளி போதும், மாடல் முழுவதும் கோணும். ஃபீட் போட்டவுடன் சாம்பிள் எடுக்க வேண்டாம், கலக்கட்டும். எடுத்ததும் ஐஸில் வையுங்கள், செல்லைப் பிரித்துவிட்டு அனலைசருக்கு அனுப்புங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. ஒரு சாதாரண பேட்ச்சில் நாள் ஏற ஏறக் குளுக்கோஸ் இறங்கும், செல் ஏறும், புரதம் ஏறும், கழிவு ஏறும். எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து நகரும். இந்தத் தரவில் பயிற்றுவித்த மாடல் குளுக்கோஸை நோக்காமல், ‘கல்ச்சருக்கு எத்தனை வயது’ என்பதைக் கண்டுபிடித்து, அதிலிருந்து குளுக்கோஸைச் சொல்லிவிடும். மேட்டுப்பாளையத்தில் கிளம்பிய மலை ரயில் இப்போது எங்கே என்று கேட்டால், எட்டிப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து ‘ஹில்குரோவ் தாண்டியிருக்கும்’ என்று சொல்கிறவரைப் போல. பெரும்பாலான நாள் சரியாகவே இருக்கும், பாறை விழுந்து ரயில் நின்ற அன்று மட்டும் தவறும். கண்காணிப்பு வேண்டியதே அந்த ஒருநாளுக்காகத்தான்.

இந்தக் கைகோப்பை உடைக்க வேண்டும். வழிகள் இவை. சிறு ரியாக்டரில் சில பேட்ச்களை வேண்டுமென்றே கோணலாக ஓட்டுங்கள்: ஒன்றில் ஃபீடைத் தாமதமாக்குங்கள், ஒன்றில் இரட்டிப்பாக்குங்கள், ஒன்றில் லாக்டேட் கொட்டட்டும். பெரிய ரியாக்டரில் இப்படி விளையாட முடியாது என்றால் சாம்பிளில் விளையாடுங்கள். எடுத்த கல்ச்சரைச் சில சிறு பாத்திரங்களில் பிரித்து, ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் லாக்டேட், ஒன்றில் இரண்டும் தெரிந்த அளவில் கலந்து, இருட்டில் புரோபால் படியுங்கள். செல் வயது ஒன்றே, குளுக்கோஸ் மட்டும் வேறு. மாடலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று பல வயதில் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று: ஒரே லாட் மீடியத்தில் (ஒரே தயாரிப்புத் தொகுதியின் வளர்ப்புக் கரைசலில்) எல்லா பேட்ச்களையும் ஓட்டாதீர்கள். மீடியம் லாட் மாறினால் பின்னணி ஒளிர்வு மாறும். பயிற்சியிலேயே அதைப் பார்த்த மாடல் பிறகு திகைக்காது.

ரியாக்டர் கையில் இல்லாத மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது: குளுக்கோஸ், சோடியம் லாக்டேட், கொஞ்சம் அமினோ அமிலம் இவற்றைத் தண்ணீரில் விதவிதமான அளவில் கலந்து, கல்லூரியில் மேசை ராமன் இருந்தால் அதில் படித்து மாடல் கட்டிப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே குளுக்கோஸும் லாக்டேட்டும் சேர்ந்தே நகரும் கலவைகளில் மட்டும் இன்னொரு மாடல் கட்டி, முதல் செட்டைக் கணிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்னது எல்லாம் ஒரே மதியத்தில் விளங்கும்.

படி 5: ஸ்பெக்ட்ரத்தைத் துலக்குதல்

முதலில் காஸ்மிக் கதிர். விண்ணிலிருந்து வரும் துகள் கேமராச் சில்லில் விழுந்தால் ஸ்பெக்ட்ரத்தில் ஒல்லியான, உயரமான ஒரு முள் தோன்றும். உயரம் ஏற ஏறக் காற்றுப் போர்வை மெலிந்து இந்தத் துகள்கள் கூடும். டாடா ஆராய்ச்சி நிறுவனம் தன் கிரேப்ஸ்-3 கருவித்தொகுதியை ஊட்டியில் வைத்திருப்பது காஸ்மிக் கதிரைப் பிடிக்கத்தான். அவர்கள் தேடிப் பிடிப்பதை நாம் வடிகட்டித் தள்ளுகிறோம். (அதே கருவி 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை காஸ்மிக் கதிரால் பிறக்கும் மியூயான் துகள்களை வைத்து அளந்தது. இங்கே யூபிஎஸ்ஸும் எர்த்திங்கும் ஒழுங்காக வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.) நீண்ட ஒரே எக்ஸ்போஷருக்குப் பதில் குறுகிய பல எக்ஸ்போஷர் எடுத்து, ஒவ்வொரு அலை எண்ணிலும் மீடியனோடு (நடுமதிப்போடு) ஒப்பிட்டால் முள் தானாகத் தெரியும். தூக்கி எறியுங்கள். ஆனால் துப்புரவான ஸ்பெக்ட்ரத்தை மட்டும் சேமித்து அசலை அழித்துவிடாதீர்கள்.

பிறகு பரப்பு. அலை எண் 400 முதல் 1800 வரை போதும். குளுக்கோஸின் முக்கிய சிகரம் 1125 அருகே, லாக்டேட் 860 அருகே, ஃபினைல் அலனின் 1003இல், தண்ணீர் 1640 அருகே. 418இல் வருவது சபையர் ஜன்னலின் சிகரம். அது கல்ச்சரைப் பற்றி ஒன்றும் சொல்லாது, ஆனால் லேசர் சக்தி குறைந்ததா என்று சொல்லும். நான் அதைத் தினமும் ஒரு தனி வரைபடமாகப் பார்ப்பேன்.

ஒளிர்வால் ஏறும் பேஸ்லைனைக் குறைக்க சவிட்ஸ்கி-கோலே முதல் டெரிவேடிவ் (அண்டைப் புள்ளிகளை மென்மையாக்கிச் சாய்வை எடுக்கும் கணக்கு), சிதறல் வேறுபாட்டுக்கு எஸ்என்வி (ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் கணக்கு). இந்த இரண்டும் பெரும்பாலும் போதும். டெரிவேடிவ் கணக்கில் ஒரே நேரத்தில் எடுக்கும் புள்ளிகளின் அகலத்தைச் சிகரத்தைவிடப் பெரிதாக வைத்தால் குளுக்கோஸே அழியும். பத்து வகை முன்செயலாக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டு, சோதனைத் தரவில் எது அழகாக வருகிறதோ அதை எடுப்பது ஏமாற்று. தெரியாமல் செய்தாலும் ஏமாற்றுதான்.

படி 6: மாடல்

பிஎல்எஸ் எனும் புள்ளியியல் முறையில் தொடங்குங்கள். ஆயிரக்கணக்கான அலை எண்களைச் சில உள்மாறிகளாகச் சுருக்கி, அவற்றிலிருந்து குளுக்கோஸைக் கணிக்கிறது. பைத்தானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் சில வரிகளில் முடிந்துவிடும். உள்மாறிகள் மூன்றிலிருந்து எட்டுக்குள் நின்றுவிடுவது வழக்கம். பதினைந்து கேட்கிறது என்றால் இரைச்சலை மனப்பாடம் செய்கிறது.

சோதிக்கும் முறைதான் உயிர். ஸ்பெக்ட்ரங்களைக் கலைத்துப் போட்டு 80க்கு 20 பிரிக்காதீர்கள். ஒரே பேட்ச்சின் அடுத்தடுத்த ஸ்பெக்ட்ரங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் உட்கார்ந்துகொள்ளும், மதிப்பெண் தேனாக இனிக்கும், புதிய பேட்ச்சில் கசக்கும். ஒரு முழு பேட்ச்சை ஒதுக்கி மற்றவற்றில் பயிற்றுவியுங்கள், அப்படி ஒவ்வொரு பேட்ச்சாக மாற்றுங்கள். சராசரி கழிப்பது உட்பட எல்லாக் கணக்கும் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயே நடக்கட்டும்.

அதோடு நான் எப்போதும் ஓட்டும் ஒரு சோதனை உண்டு. ஸ்பெக்ட்ரமே இல்லாமல், கல்ச்சர் வயதை மட்டும் வைத்துக் குளுக்கோஸைக் கணிக்கும் ஒரு சின்ன மாடல். அதன் பிழை 0.5 கிராம், உங்கள் ராமன் மாடலின் பிழை 0.45 என்றால், அவ்வளவு விலை கொடுத்து ஒரு கடிகாரம் வாங்கியிருக்கிறீர்கள். படி 4க்குத் திரும்புங்கள். பிறகு பிஎல்எஸ் குணகங்களை வரைந்து பாருங்கள்: 1125 அருகே கனம் இருக்கிறதா? இல்லாமல் ஃபினைல் அலனினிலும் பேஸ்லைனிலும் நிற்கிறது என்றால் செல்லையோ புரதத்தையோ பார்த்து யூகிக்கிறது.

பிழை எவ்வளவு வரை பரவாயில்லை? பயன்பாடு சொல்லும். குளுக்கோஸை 2 கிராமில் நிறுத்த நினைக்கிறீர்கள், 1க்குக் கீழே போனால் செல் பாதிக்கும் என்று வையுங்கள். கணிப்புப் பிழை 0.3 என்றால் இருமடங்கு எடுத்தாலும் 1.4 வரைதான் இறங்கும், தாங்கும். 0.6 என்றால் தாங்காது. மருந்து ஆலையில் ஆர்-ஸ்கொயர் என்ற பொதுப் பொருத்த மதிப்பெண்ணை வைத்துப் பேசுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

சப்போர்ட் வெக்டர், காசியன் பிராசஸ் என்ற மாடல் வகைகள் இரண்டும் வளைந்த உறவுகளுக்கு உதவும். காசியன் பிராசஸ் தன் நம்பிக்கை எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்வதால் எனக்குப் பிடிக்கும். நியூரல் நெட்வொர்க்? பத்து பேட்ச் வைத்துக்கொண்டு அதைத் தொட வேண்டாம்.

படி 7: நேரலை

முதல் சில பேட்ச்களுக்கு மாடல் திரையில் எண் காட்டட்டும், பம்பைத் தொடக் கூடாது. ஆபரேட்டர் பழைய முறையிலேயே ஃபீட் போடட்டும். இந்தக் காலத்தில்தான் ஷிப்ட்காரர்களுக்கு நம்பிக்கை வரும், அல்லது வராது. அவர்கள் சொல்லும் ‘இது பொய் சொல்லுது சார்’ ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வையுங்கள்.

எண்ணோடு கூடவே இரண்டு காவலர்கள் ஓட வேண்டும். ஹோட்டலிங் டி-ஸ்கொயர், இந்த ஸ்பெக்ட்ரம் பயிற்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். க்யூ எச்சம், மாடல் அறியாத புதிய உருவம் எதுவும் ஸ்பெக்ட்ரத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். மேலே சொன்ன மணி படிந்த இரவில் குளுக்கோஸ் எண் நிதானமாக, நம்பும்படியாகவே ஏறியது. க்யூ எச்சம்தான் எல்லை தாண்டியிருந்தது. ஆனால் அது திரையின் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்திலேயே வையுங்கள். எல்லை தாண்டினால் எண் சாம்பல் நிறமாகட்டும், பம்ப் கடைசி நல்ல மதிப்பில் நிற்கட்டும், கையால் சாம்பிள் எடுக்கச் செய்தி வரட்டும்.

தானியங்கிக் கட்டுப்பாட்டுக்குப் போகும்போது மாடல் என்ன சொன்னாலும் மீறாத ஓர் உச்ச வேகத்தைப் பம்பிலேயே பூட்டுங்கள். தொடர்ந்து வரும் சில கணிப்புகளின் மீடியனை எடுத்தால் ஒற்றைக் கோளாறு ஃபீடை ஆட்டாது. தினசரி ஒரு சாம்பிளை நிறுத்தாதீர்கள், மாடலுக்குக் கண்ணாடி அதுதான்.

நெட்வொர்க் விஷயம் சுருக்கமாக: மாடல் ஆலைக்குள்ளேயே ஓடட்டும். ஆடி மாத மழையில் மரம் விழுந்து இணையம் போனால் ரியாக்டர் காத்திருக்காது.

படி 8: ஆவணமும் பராமரிப்பும்

ஜிஎம்பி (நல்ல உற்பத்தி நடைமுறை) விதிகளுக்கு உட்பட்ட ஆலையில் மாடல் என்பது ஒரு பகுப்பாய்வு முறை. மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பின் பகுப்பாய்வு வழிகாட்டல்களான க்யூ2 திருத்தமும் க்யூ14உம் 2023 நவம்பரில் இறுதியாயின. பன்மாறி மாடல்களை எப்படி உருவாக்கி நிரூபிப்பது என்பதற்கு அவற்றில் இடம் இருக்கிறது, க்யூஏ எனும் தர உறுதிப் பிரிவோடு உட்கார்ந்து படியுங்கள். இந்தியாவில் 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட திருத்திய அட்டவணை எம் (மருந்து உற்பத்தி நடைமுறை விதிகள்) கணினி அமைப்புகளின் வேலிடேஷனையும் தர இடர் மேலாண்மையையும் கேட்கிறது. எந்தப் பதிப்பு மாடல், எந்த முன்செயலாக்கம், எந்த பேட்ச்களில் பயிற்சி, யார் ஒப்புதல் தந்தார் என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் தேடி எடுக்கும்படி இருக்க வேண்டும். தானாகவே கற்றுக்கொண்டு மாறும் மாடலை உற்பத்தியில் விட வேண்டாம். மாற்றம் என்றால் சேஞ்ச் கன்ட்ரோல் (ஆவணத்தோடு ஒப்புதல் பெறும் மாற்ற நடைமுறை).

மாடல் எப்போது மங்கும் என்பது பெரும்பாலும் முன்பே தெரியும்: லேசர் மாற்றினால், புரோப் மாற்றினால், மீடியம் சப்ளையர் மாறினால், 5 லிட்டரிலிருந்து 200 லிட்டருக்குப் போனால். சர்வீஸ் இன்ஜினியர் கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மலை ஏறி வர வேண்டும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் தள்ளிப்போகும். எனவே அவர் வந்து லேசர் மாற்றும் நாளுக்கு முன்பே, சீல் செய்த சைக்ளோஹெக்சேனும் குளுக்கோஸ் அளவு தெரிந்த ஐந்தாறு கரைசல்களும் பழைய லேசரில் படித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்றிய பின் அதே குப்பிகளைத் திரும்பப் படியுங்கள். எல்லாக் கரைசலிலும் ஒரே அளவு விலகல் என்றால் ஒரு நிலையான திருத்தத்தைச் சேர்த்தால் போதும். செறிவு கூடக் கூட விலகலும் கூடுகிறது என்றால் சாய்வையும் திருத்த வேண்டும். கரைசலுக்குக் கரைசல் விலகல் தாறுமாறாக இருந்தால் திருத்தம் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்த பேட்ச்சைக் கைச் சாம்பிளில் ஓட்டிக்கொண்டே புதிய ஸ்பெக்ட்ரங்களைச் சேர்க்க ஆரம்பியுங்கள்.